பொதியின் பின்புறத்து இலக்கங்கள்: வாசகர் கேள்வி பதில்

உணவுப் பொதிகளில் எழுதப்படும் செயற்கை நிறமூட்டிகள் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து அண்மையில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் விடையளிக்கிறோம். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய்: என் மகன் விரும்பி உண்ணும் ரொபிப் பைக்கற்றின் பின்புறத்தில் “அனுமதிக்கப்பட்ட நிறமூட்டிகள்: 102, 110, 133” என்று எழுதியிருக்கிறது. இந்த இலக்கங்கள் எதைக் குறிக்கின்றன? அனுமதிக்கப்பட்டவை என்பதால் யோசிக்காமல் கொடுக்கலாமா?

உணவில் சேர்க்கப்படும் ஒவ்வொரு சேர்மானத்துக்கும் உலகெங்கும் ஒரே இலக்கம் வழங்கும் முறை ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணைக்குழு அந்தப் பட்டியலைப் பேணுகிறது. பொதியில் ஐ.என்.எஸ். என்ற எழுத்துகளோடு வருவது அந்த இலக்கமே. ஐரோப்பாவிலிருந்து வரும் பொதிகளில் அதே இலக்கத்தின் முன்னால் ஈ என்ற எழுத்து நிற்கும். 100 முதல் 199 வரையான இலக்கங்கள் நிறமூட்டிகளுக்கு உரியவை. உங்கள் மகனின் ரொபியில் உள்ள 102 என்பது டார்ட்ரசின் என்ற எலுமிச்சை மஞ்சள், 110 என்பது சன்செற் யெலோ என்ற செம்மஞ்சள், 133 என்பது பிரில்லியன்ற் புளூ என்ற நீலம். மூன்றும் ஆய்வுகூடத்தில் இரசாயன முறையில் உருவாக்கப்படுபவை. பச்சை நிற ரொபியில் மஞ்சளும் நீலமும் சேர்ந்து எழுதப்பட்டிருப்பதை நீங்கள் காணலாம், ஏனெனில் உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் 102ஐயும் 133ஐயும் கலந்தே பச்சையைப் பெறுகிறார்கள்.

இந்த இலக்கம் நம்மைப் போன்றவர்களுக்குத் தனியான ஒரு பயனைத் தருகிறது. நமது கடைகளில் கிடைக்கும் பல பொதிகளின் உள்ளடக்கப் பட்டியல் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ மட்டும், அதுவும் பொதியின் மடிப்புக்குள் மறையும் சிறிய எழுத்தில் இருக்கிறது. ஆனால் இலக்கத்துக்கு மொழி இல்லை. நிறமூட்டிகளில் ஆறேழு இலக்கங்களை நினைவில் வைத்திருக்கும் ஒரு தாய், பட்டியலின் ஏனைய சொற்களை வாசிக்க முடியாவிட்டாலும், பிள்ளையின் உணவில் எந்த நிறம் இருக்கிறது என்பதைக் கடையில் நின்றபடியே அறிந்துகொள்ளலாம். மேலே சொன்ன மூன்றோடு 122 (கார்மோய்சின் என்ற சிவப்பு), 124 (பொன்சோ 4ஆர் என்ற சிவப்பு), 127 (எரித்ரோசின் என்ற இளஞ்சிவப்பு), 129 (அலூரா ரெட் என்ற சிவப்பு) ஆகியவற்றையும் குறித்துக்கொண்டால், இங்கே அடிக்கடி காணப்படும் செயற்கை நிறங்களில் பெரும்பாலானவற்றை நீங்கள் இனங்கண்டுவிடுவீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அனுமதி என்பது, இன்று கிடைத்துள்ள சான்றுகளின்படி, குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்தினால் பெரும்பாலானோருக்குத் தீங்கு எதிர்பார்க்கப்படவில்லை என்று ஓர் அரசு எடுத்த முடிவாகும். அந்த முடிவு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது, காலத்தோடும் மாறுகிறது. 123 என்ற இலக்கமுள்ள அமராந்த் சிவப்பை அமெரிக்கா 1976இல் தடைசெய்தது, ஐரோப்பா இன்றும் மிகக் குறுகிய பயன்பாட்டுக்கு அதை அனுமதிக்கிறது. ஆண் எலிகளில் தைரொயிட் கட்டிகள் கண்டறியப்பட்டமையால் 127ஐ அழகுசாதனப் பொருள்களில் சேர்ப்பதை அமெரிக்கா 1990இல் நிறுத்தியது. ஆனால் உணவுக்கான அனுமதியை 2025 ஜனவரியில்தான் விலக்கி, உற்பத்தியாளர்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம் கொடுத்தது. எனவே “அனுமதிக்கப்பட்ட” என்ற சொல்லைக் கண்டு நிம்மதி அடைவதை விட, அதன் அருகில் உள்ள இலக்கத்தை வாசிப்பதே பயனுள்ளது. “அனுமதிக்கப்பட்ட நிறமூட்டிகள் சேர்க்கப்பட்டுள்ளன” என்று மட்டும் எழுதி, எந்த நிறம் என்று சொல்லாமல் விடும் பொதி, நுகர்வோருக்கு உண்மையில் எதையுமே சொல்லவில்லை என்பது என் கருத்து. பொதியிலடைத்த உணவுகளுக்கான கோடெக்ஸ் நியமமும் நிறமூட்டி என்ற வகைப்பெயரோடு அதற்குரிய பெயரையோ இலக்கத்தையோ சேர்த்து எழுதும்படியே கேட்கிறது.

தினமும் கொடுக்காமல் எப்போதாவது ஒரு ரொபி கொடுப்பதால் ஆரோக்கியமான பிள்ளைக்கு இந்த நிறங்களால் கெடுதி நேரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைக்கு ஆஸ்துமாவோ, அடிக்கடி தோலில் தடிப்பு எழும் இயல்போ இருந்தால் 102ஐக் கவனியுங்கள். அது மிகச் சிலருக்குத் தோல் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்குகிறது. பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவானோருக்கே அப்படி நேரலாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் கூறுகிறது. அந்தச் சிலரில் ஒருவராக உங்கள் மகன் இருந்தால், சுட்டுத்துண்டில் 102 என்ற இலக்கம் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. சில பாணி மருந்துகளிலும் குளிசைகளிலும் இதே நிறங்கள் இருப்பதால் மருந்துப் பெட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்முனையிலிருந்து ஓர் ஆசிரியர்: லண்டனிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த இனிப்புப் பைக்கற்றில், இதிலுள்ள நிறம் “பிள்ளைகளின் செயற்பாட்டிலும் கவனத்திலும் பாதகமான விளைவை ஏற்படுத்தக்கூடும்” என்ற கருத்தில் எழுதியிருந்தது. அதே இலக்கமுள்ள நிறம் இங்கே விற்கும் பானத்திலும் இருக்கிறது, ஆனால் எச்சரிக்கை இல்லை. பிள்ளைகள் எங்கும் பிள்ளைகள்தானே?

உங்கள் வருத்தம் நியாயமானது. அந்த எச்சரிக்கை எப்படி வந்தது என்பதை முழுமையாகச் சொல்வது அவசியம், ஏனெனில் அதைப் பற்றி மிகைப்படுத்திய செய்திகளும் பரவுகின்றன.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்நாட்டு உணவு நியம முகவரகத்தின் நிதியுதவியோடு, 3 வயதுப் பிள்ளைகள் 153 பேரையும் 8, 9 வயதுப் பிள்ளைகள் 144 பேரையும் கொண்டு ஓர் ஆய்வை நடத்தி 2007இல் லான்செற் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் நிறமூட்டிகளும் சோடியம் பென்சோவேற் என்ற பாதுகாப்புப் பொருளும் கலந்த பானமும், வேறு வாரங்களில் அவை எதுவும் இல்லாத, ஆனால் பார்வைக்கும் சுவைக்கும் அதே போன்ற பானமும் கொடுக்கப்பட்டன. கலவைப் பானத்தை அருந்திய காலத்தில் பிள்ளைகளின் அமைதியின்மையும் கவனச் சிதறலும் சராசரியாகச் சற்றுக் கூடியிருந்தன. எல்லாப் பிள்ளைகளிடமும் அது தென்படவில்லை. மேலும் கலவையாகக் கொடுக்கப்பட்டமையால் எந்த நிறம் காரணம், அல்லது பாதுகாப்புப் பொருள்தான் காரணமா, என்பதை அந்த ஆய்வினால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2008இல் அந்த ஆய்வைப் பரிசீலித்து, விளைவு சிறியது, சான்று மட்டுப்பட்டது, எனவே ஏற்றுக்கொள்ளத்தக்க தினசரி அளவை இதை வைத்து மாற்ற முடியாது என்று கூறியது. விஞ்ஞானிகள் அங்கே நின்றார்கள், ஆனால் சட்டமியற்றியவர்கள் நிற்கவில்லை. நிச்சயமில்லாத நிலையிலும் பெற்றோருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1333/2008 இலக்கச் சட்டத்தின்படி 102, 104 (குயினோலின் யெலோ என்ற மஞ்சள்), 110, 122, 124, 129 ஆகிய ஆறு நிறங்களில் ஏதேனும் ஒன்று உணவில் இருந்தால், நீங்கள் கண்ட வாசகத்தை 2010 ஜூலை 20 முதல் சுட்டுத்துண்டில் எழுதவேண்டும். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னரும் அந்த விதியை வைத்திருக்கிறது. இதன் விளைவு நிறத்தின் தடையாக அமையவில்லை. ஆனால் தங்கள் பொதியில் அப்படியொரு வாக்கியம் இருப்பதை விரும்பாத பல உற்பத்தியாளர்கள் அந்த ஆறு நிறங்களைக் கைவிட்டு, பீற்றூட், மிளகாய்வகை, கரட் போன்றவற்றிலிருந்து பெறும் நிறங்களுக்கு மாறினார்கள். அதே வகை இனிப்பு வேறு நாட்டுச் சந்தைக்குச் செல்லும்போது பழைய நிறத்தோடு செல்வதும் உண்டு.

எச்சரிக்கை வாசகம் அந்தந்த நாட்டுச் சட்டத்தைச் சார்ந்தது, ஏற்றுமதியாகும் பொதியோடு அது தானாகப் பயணம் செய்வதில்லை. இந்தியாவிலிருந்து வரும் பொதிகளில் அந்நாட்டு விதிப்படி “அனுமதிக்கப்பட்ட செயற்கை உணவு நிறம் கொண்டது” என்ற கூற்று இருக்கும், பிள்ளைகளைப் பற்றிய எச்சரிக்கை இராது. அமெரிக்காவில் 1990இல் நிறைவேறிய ஊட்டச்சத்துச் சுட்டுத்துண்டுச் சட்டம் ஒவ்வொரு செயற்கை நிறத்தையும் பெயர் சொல்லி எழுதவைத்தது, ஆனால் அங்கேயும் இந்த எச்சரிக்கை கட்டாயமில்லை. அமெரிக்கப் பொதிகளில் யெலோ 5 என்பது நமது 102, யெலோ 6 என்பது 110, ரெட் 40 என்பது 129 என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கிருந்து வரும் பார்சல்களைப் பிரிக்கும்போது உதவும்.

தினசரி அளவைப் பற்றி ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்த நிபுணர் குழு 124 என்ற சிவப்புக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்று வைத்திருக்கிறது. ஐரோப்பிய அதிகாரசபை 2009இல் அதை 0.7 மில்லிகிராமாகக் குறைத்தது. பதினைந்து கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு முதலாவது கணக்கின்படி 60 மில்லிகிராம், இரண்டாவது கணக்கின்படி 10.5 மில்லிகிராம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நிறம் சேர்த்த பானத்தை எடுத்துக்கொண்டால், முதலாவது கணக்கில் அந்தப் பிள்ளை 1.2 லீற்றர் அருந்தலாம், இரண்டாவது கணக்கில் 210 மில்லிலீற்றரோடு, அதாவது ஒரு சிறிய போத்தலோடு, நாளின் அளவு முடிந்துவிடும். ஐரோப்பா இதன் பின்னர் 104, 110, 124 ஆகிய மூன்றையும் உணவில் சேர்க்கக்கூடிய உச்ச அளவுகளை 2012இல் வெகுவாகக் குறைத்தது. நிபுணர்களே இவ்வளவு வேறுபடும்போது, நம் நாட்டிலும் அந்த எச்சரிக்கை எழுதப்படவேண்டும் என்று கோருவதில் தவறே இல்லை. ஓர் ஆசிரியராக, உங்கள் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் விற்கும் பானங்களின் சுட்டுத்துண்டுகளை மாணவர்களோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கலாம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தாங்களே செய்வார்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர்: ஸ்ட்ரோபெரி சுவையுள்ள சில பண்டங்களில் 120 என்ற இலக்கத்தைக் காண்கிறேன். அது பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது உண்மையா?

உண்மை. 120 என்பது கார்மைன். தென் அமெரிக்காவில், குறிப்பாகப் பெருவில், கள்ளிச் செடிகளில் வளரும் கொச்சினீல் என்ற சிறிய பூச்சியின் பெண்ணினத்தை உலர்த்தி அதிலிருந்து இந்தச் சிவப்பைப் பெறுகிறார்கள். இது செயற்கை நிறமன்று. ஆகவே “செயற்கை நிறம் சேர்க்கப்படவில்லை” என்று முகப்பில் எழுதிய பொதியின் பின்புறத்திலும் 120 இருக்கலாம், அதில் சட்டப்படி முரண்பாடும் இல்லை. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கியது தெரியவந்ததால் அமெரிக்கா 2011 முதல் இதைப் பெயர் சொல்லி எழுதவேண்டும் என்று விதித்தது, அதற்கு முன்னர் பொதுவாக நிறம் என்று எழுதினால் போதும் என்ற நிலை அங்கே இருந்தது.

மார்க்க அடிப்படையில் உண்ணலாமா என்பதை உங்கள் பகுதி உலமாக்களிடம் கேளுங்கள், அது இந்தக் கேள்வி பதில் பகுதியில் விடை சொல்லக்கூடிய விடயமன்று. சைவ உணவு மட்டும் உண்போருக்கும் இதே இலக்கம் முக்கியமானது. விரதகாலத்தில் ஆலயங்களுக்கு வாங்கிச் செல்லும் இனிப்புகளில் யாரும் இதைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. 122, 124, 129 ஆகிய சிவப்புகள் பூச்சியிலிருந்து பெறப்படுபவை அல்ல. 162 என்றால் பீற்றூட் கிழங்கின் சிவப்பு. இயற்கை என்ற சொல்லுக்கும் தீங்கற்றது என்ற சொல்லுக்கும் நேரடியான தொடர்பு கிடையாது, இயற்கை நிறத்துக்கும் இலக்கம் எழுதப்படவேண்டும் என்பதற்கு 120 போதிய காரணம்.

ஏறாவூரிலிருந்து ஒரு மாணவி: சோடாப் போத்தல்களில் சிவப்பு வட்டம் இருந்தால் அதில் செயற்கைச் சிவப்பு நிறம் இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. அந்த வட்டம் சீனியின் அளவைக் காட்டுவது. இலங்கையில் 2016 முதல் குளிர்பானங்களுக்கு இது கட்டாயம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள், அதற்கும் குறைந்தால் பச்சை. பச்சை வட்டமுள்ள பானத்திலும் 102 இருக்கலாம். நிறமூட்டியை அறிய உள்ளடக்கப் பட்டியலைத்தான் பார்க்கவேண்டும்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு சகோதரி: நாங்கள் சில பெண்கள் சேர்ந்து மஸ்கற், தொதல், கேக் செய்து சிறிய பைக்கற்றுகளில் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பெரிய கம்பனிகளுக்கு உள்ள சுட்டுத்துண்டு விதிகள் எங்களுக்கும் பொருந்துமா? நிறத்தை எப்படி எழுதுவது?

பொருந்தும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உற்பத்தியாளர் பெரியவரா சிறியவரா என்று பார்ப்பதில்லை, பொதியில் அடைத்து விற்பனைக்குக் கொடுத்த கணத்திலிருந்து அது உங்களையும் சேரும். உணவின் பெயர், உள்ளடக்கம், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் பெயரும் முகவரியும் சுட்டுத்துண்டில் இருக்கவேண்டும். உள்ளடக்கத்தை, எது எடையில் அதிகமோ அதை முதலில் வைத்து இறங்கு வரிசையில் எழுதுங்கள். நிறம் மிகச் சிறிய அளவு என்பதால் இறுதியில்தான் வரும். “நிறமூட்டி: ஐ.என்.எஸ். 102” என்று எழுதினால் போதும், நீண்ட விளக்கம் தேவையில்லை.

நிறத்தை எழுதுவதற்கு முன்னால் எந்த நிறத்தை வாங்குகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். சிறு பொட்டலமாகக் கட்டி, இலக்கம் எதுவும் இல்லாமல், வெறுமனே சிவப்பு, பச்சை என்று சொல்லி விற்கப்படும் நிறப்பொடியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கவேண்டாம். அதை வாங்கியவர் சுட்டுத்துண்டில் எதை எழுதுவார்? போத்தலில் அல்லது பெட்டியில் இலக்கமும் உற்பத்தியாளரின் விபரமும் காலாவதித் திகதியும் இருக்கும் நிறத்தையே வாங்கி, அந்த வெற்றுப் போத்தலை அதில் செய்த பண்டம் விற்றுத் தீரும்வரை வைத்திருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டால் அதுவே உங்கள் சான்று.

அளவு அடுத்த பிரச்சினை. பல பண்டங்களுக்கு இந்தியா வைத்துள்ள உச்சவரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். ஐந்து கிலோ மஸ்கற்றுக்கு அது அரைக் கிராம் மட்டுமே. கரண்டி நுனியால் அள்ளிப் போடும்போது இந்த அளவைக் கண்ணால் மட்டிடவே முடியாது, ஒரு நாள் மங்கலாகவும் மறுநாள் இரத்தச் சிவப்பாகவும் பண்டம் வருவதற்குக் காரணம் இதுதான். நகைக்கடையில் பயன்படுத்தும் சிறிய தராசில் ஒரு கிராம் நிறப்பொடியை நிறுத்து, 100 மில்லிலீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து வையுங்கள். அந்தக் கரைசலின் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் பொடி இருக்கும். கிலோவுக்கு 50 மில்லிகிராம் சேர்க்க விரும்பினால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியற்ற சிரிஞ்சினால் 5 மில்லிலீற்றர் எடுத்து ஊற்றவேண்டும். கடையில் விற்கும் பொடிகளில் நிறத்தோடு உப்போ சீனியோ கலந்திருப்பது வழக்கமாதலால் உண்மையான நிறம் இதனிலும் குறைவாகவே இருக்கும், அதனால் தவறு பாதுகாப்பான பக்கத்தில்தான் நேரும். கரைசலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு பண்டத்துக்கும் இலங்கை ஒழுங்குவிதி எந்த அளவை அனுமதிக்கிறது என்பதை உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேக் பற்றி ஒரு சொல். நீங்கள் நிறம் சேர்க்காவிட்டாலும், கேக்கில் போடும் சீனியூட்டிய செர்ரிப் பழத்தில் ஏற்கெனவே நிறம் இருக்கிறது, பெரும்பாலும் 127. வாங்கிய பொருளோடு வந்த சேர்மானம் உங்கள் பண்டத்திலும் தன் வேலையைச் செய்யுமானால் அதையும் அறிவிக்கவேண்டும் என்பதே கோடெக்ஸ் நியமத்தின் நிலைப்பாடு. செர்ரியின் சிவப்பு கேக்கில் கண்ணுக்குத் தெரிவதால் அது உங்கள் சுட்டுத்துண்டிலும் இடம்பெறவேண்டும். ஜெலி, நிறமூட்டிய சவ்வரிசி, அலங்காரச் சீனிமணிகள் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். தொதலுக்கு நிறமே தேவையில்லை. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் நீண்ட நேரம் காய்ந்து தரும் கறுப்பு, எந்தப் போத்தலிலும் கிடைக்காது.

திருக்கோவிலிலிருந்து ஒரு வாசகி: ஆடி அமாவாசைத் தீர்த்தத் திருவிழாவில் பிள்ளைகள் தும்பு முட்டாசுக்கும் ஐஸ்பழத்துக்கும் அடம்பிடிக்கிறார்கள். அவற்றில் சுட்டுத்துண்டே இல்லையே, எதைப் பார்த்து வாங்குவது?

இந்தக் கேள்விதான் வந்தவற்றுள் மிக முக்கியமானது. சுட்டுத்துண்டில் 102 என்று எழுதியிருந்தால் அதைப் பற்றி நாம் வாதிடலாம், அளவு கணக்கிடலாம், வாங்காமலும் விடலாம். எதுவுமே எழுதப்படாத பண்டத்தில் உள்ள நிறம் உணவுக்குரியதா, துணிக்குரியதா என்பதே தெரியாது.

தும்பு முட்டாசு விடயத்தில் இது வெறும் ஊகமன்று. ரோடமைன் பி என்பது துணிக்கும் காகிதத்துக்கும் பயன்படும் பளிச்சென்ற இளஞ்சிவப்புச் சாயம். உணவில் எந்த அளவிலும் சேர்க்க அனுமதி இல்லாதது. இந்தியாவில் பஞ்சு மிட்டாய் எனப்படும் தும்பு முட்டாசின் மாதிரிகளில் அது கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து 2024 பெப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பின்னர் தமிழ்நாடும் நிறமூட்டிய பஞ்சு மிட்டாயின் விற்பனையைத் தடைசெய்தன. திருவிழாவில் விற்கும் எல்லாத் தும்பு முட்டாசிலும் அந்தச் சாயம் இருக்கிறது என்று சொல்வது அதை விற்று வாழும் மனிதருக்கு இழைக்கும் அநீதி. உணவுக்குரிய 122ஐ மிகக் குறைவாகச் சேர்த்தும் இளஞ்சிவப்பைப் பெறலாம். ஆனால் வாங்குபவர் வேறுபாட்டைக் கண்ணால் அறிய முடியாது. கண்ணைக் கூசச் செய்யும் மிகப் பளிச்சென்ற நிறமும், நீரில் பலமுறை கழுவிய பின்னும் விரலை விட்டு நீங்காத கறையும் சந்தேகத்துக்கு இடமளிப்பவை என்று மட்டுமே சொல்லலாம்.

ஆகவே நிறமே சேர்க்காத வெள்ளைத் தும்பு முட்டாசைக் கேட்டு வாங்குங்கள். அது சீனி மட்டும்தான், சுவையில் எந்த வித்தியாசமும் இல்லை. ஐஸ்பழம் விற்பவரிடம் எந்த நிறப் போத்தலைப் பயன்படுத்துகிறார் என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை, போத்தலை எடுத்துக் காட்டுபவரிடம் வாங்குங்கள். ஆலய பரிபாலன சபையினர் தற்காலிகக் கடைகளுக்கு இடம் ஒதுக்கும்போது, இலக்கமுள்ள உணவு நிறத்தை மட்டும் பயன்படுத்தவேண்டும் என்ற நிபந்தனையை எழுதி வாங்கிக்கொண்டால், பரிசோதகரின் வேலை பாதியாகக் குறையும். பள்ளிவாசல் கந்தூரிகளுக்கும் தேவாலயத் திருவிழாக்களுக்கும் இது பொருந்தும்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு வாசகர்: கடையில் நிறுத்துத் தரும் கொச்சிக்காய்த் தூளிலும் மஞ்சள் தூளிலும் சாயம் கலப்பதாகச் சொல்கிறார்கள். அதற்கும் சுட்டுத்துண்டு விதி உண்டா?

இங்கே கேள்வி சுட்டுத்துண்டைத் தாண்டிவிடுகிறது, ஏனெனில் இது கலப்படம், எழுதினாலும் குற்றமே. மிளகாய்த் தூளில் கலக்கப்பட்ட சூடான் என்ற தொழிற்சாலைச் சாயம் 2003இல் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. 2005இல் அத்தகைய தூள் சேர்ந்த ஒரு சுவைச்சாறு காரணமாக இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து மீளப்பெறப்பட்டன. மஞ்சளில் கலப்பது மெற்றனில் யெலோ என்ற சாயம். நம் நாட்டில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை ஏறியிருந்த காலத்தில் கலப்படமும் கூடியதை எல்லோரும் கண்டோம். ஒரு கிளாஸ் நீரில் தூளை மெதுவாகத் தூவுங்கள். நிறம் உடனே கோடுகோடாகக் கீழிறங்கினாலோ, தூள் அடியில் படிந்த பின்னும் நீர் கடும் மஞ்சளாகவே நின்றாலோ சந்தேகப்படலாம். எண்ணெயில் மட்டும் கரையும் சூடான் சாயத்தை இந்தச் சோதனை காட்டாது. கொச்சிக்காயை வாங்கி, காயவைத்து, மில்லில் நீங்கள் நின்று அரைப்பிப்பதை விட நம்பகமான வழி எதுவும் இல்லை.

வாழைச்சேனையிலிருந்து ஒரு வாசகர்: நிற இலக்கம் எழுதப்படாத, அல்லது சுட்டுத்துண்டின் மேல் வேறு ஸ்ரிக்கர் ஒட்டி மறைக்கப்பட்ட பொதியைக் கண்டால் யாரிடம் முறையிடுவது? முறையிட்டால் ஏதாவது நடக்குமா?

உங்கள் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் செல்லுங்கள். அங்குள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உணவுச் சட்டத்தின் கீழ் கடைகளைப் பரிசோதிக்கவும், மாதிரி எடுக்கவும், அதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பவும், நீதவான் நீதிமன்றில் வழக்குத் தொடரவும் அதிகாரம் இருக்கிறது. காலாவதித் திகதியை மாற்றுதல், விலையை மறைத்தல் போன்ற வணிக மோசடிகளுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம்.

முறைப்பாடு பலன் தருவது பெரும்பாலும் நீங்கள் கொண்டுசெல்லும் சான்றைப் பொறுத்தது. பொதியைத் திறக்காமல் வைத்திருங்கள், முடிந்தால் அதே தொகுதி இலக்கமுள்ள இன்னொன்றையும் வாங்குங்கள். கடைச் சிட்டையைக் கேட்டு எடுத்து, முன்புறம், பின்புறம், மடிப்பு எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். ஸ்ரிக்கர் ஒட்டப்பட்டிருந்தால் அதை நீங்கள் உரிக்கவேண்டாம், பரிசோதகர் உரிக்கட்டும். வாங்கிய திகதி, கடை இருக்கும் இடம், தொகுதி இலக்கம், உங்கள் சந்தேகம் என்ன என்பவற்றை ஒரு கடிதத்தில் தமிழில் எழுதி, பிரதியில் கையொப்பமும் திகதியும் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் திறந்து கொண்டுபோன பொதி வழக்குக்குப் பயன்படாது, பரிசோதகர் முறைப்படி கடையிலிருந்து எடுத்து முத்திரையிடும் மாதிரியே நீதிமன்றில் நிற்கும். எனவே கடையில் அந்தப் பொருள் விற்றுத் தீர்வதற்கு முன்னால், கண்ட அன்றோ மறுநாளோ செல்லுங்கள்.

கடைக்காரரோடு சண்டையிடவேண்டாம். சுட்டுத்துண்டு எழுதியவர் அவரல்லர், அவர் பெரும்பாலும் விநியோகஸ்தரிடம் வாங்கி வைத்தவர். பகுப்பாய்வு அறிக்கை வருவதற்குக் காலம் எடுக்கும் என்பதால், உங்கள் கடிதத்தின் இலக்கத்தைக் குறிப்பிட்டுச் சில வாரங்களுக்கு ஒருமுறை பணிமனையில் விசாரியுங்கள்.